பேஸ் மட்டும் மிஞ்சும் இடம்

நேற்று ராத்திரி மறுபடியும் ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ கேட்டேன். 1976-இல் வந்த ஜமைக்கா டப் ஆல்பம். டப் என்றால், ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் எடுத்தும் சேர்த்தும் எதிரொலி கலந்தும் புதிதாக மிக்ஸ் செய்வது. விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்பதுதான் என் வழக்கம்.

தலைப்புப் பாட்டில் ஜேக்கப் மில்லரின் குரல் சட்டென்று எட்டிப் பார்க்கும். வரி முடிவதற்குள் எதிரொலியில் கரைந்துபோகும். அப்புறம் ராபி ஷேக்ஸ்பியரின் பேஸ் கிட்டார், கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ், சுற்றிலும் வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

இந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்த கிங் டபி, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்தவர். மிக்ஸிங் மேசையையே வாத்தியமாக்கிவிட்டார். தனித்தனியாகப் பதிவான குரல், வாத்திய டிராக்குகளை அணைப்பது, திறப்பது, ஃபில்டர் குமிழைத் திருகுவது எல்லாம் பாட்டு ஓடும்போதே, கையால்.

அகஸ்டஸ் பாப்லோ ஊதும் மெலோடிகாவைப் பற்றி என்ன சொல்ல? ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தி வாசிக்கும், பள்ளிப் பிள்ளைகளின் சின்னக் கருவி அது; அதிலிருந்து இவ்வளவு ஏக்கம் வருகிறது.

முதல் தடவை மொபைல் ஸ்பீக்கரில் போட்டேன். பேஸ் காதிலேயே விழவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். நல்ல ஹெட்போன் கடன் வாங்கியாவது கேளுங்கள்.