எங்கட ஐஸ் கட்டிக்கு ஆரின்ட கரண்ட் கணக்கு?

ஒரு பொருள் மூலப்பொருளா இருக்கிறதில இருந்து குப்பையாப் போற வரைக்கும் சுற்றாடலுக்கு என்ன செய்யுது எண்டு கணக்குப் பாக்கிறதுதான் எல்சிஏ, வாழ்க்கை வட்ட மதிப்பீடு. அடிப்படை விதி எல்லா நாட்டுக்கும் ஒண்டுதான், ஐஎஸ்ஓ எண்ட சர்வதேச தர அமைப்பின்ட 14040ம் 14044ம், ஆனா செய்யிற விதம் இடத்துக்கு இடம் வேற.

ஐரோப்பிய ஆணைக்குழு 2013ல பிஇஎஃப் எண்ட, ஒரு பொருளின்ட சுற்றாடல் பாதிப்பை அளக்கிற முறையைப் பரிந்துரைச்சது, எதை எப்பிடி அளக்கோணும் எண்டு அதில இறுக்கமா இருக்கு. அமெரிக்காவில இதுக்கு டிரேசி எண்ட முறை. ஜப்பானில லைம் எண்ட முறை, அதில பாதிப்பை யென் கணக்காவே மாத்தலாம், எனக்கு அது நல்லாப் பிடிக்கும்.

எங்களுக்குப் பிரச்சினை டேட்டாதான். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில மீன் பெட்டிக்குப் போடுற ஐஸையே எடுங்கோ, அது கரண்ட்ல செய்யிறது, இலங்கை கரண்ட்ல நுரைச்சோலை நிலக்கரியும் இருக்கு, நீர்மின்சாரமும் இருக்கு, மழை குறைஞ்சா நிலக்கரியும் எண்ணெயும் கூடும், அப்ப அதே ஐஸுக்கு மாசத்துக்கு மாசம் கார்பன் மாறும். நோர்வேயில கரண்ட் பெரும்பாலும் நீர்மின்சாரம், அந்த நம்பரைக் கொண்டுவந்து இங்க போட்டா எங்கட மீன் பொய்யாச் சுத்தமாத் தெரியும்.

தண்ணியும் அப்பிடித்தான். திருகோணமலைக்கு மழை முக்கியமா ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும், ஓகஸ்ட்ல எடுக்கிற ஒரு லீட்டரும் டிசம்பர்ல எடுக்கிற லீட்டரும் ஒண்டில்ல. தண்ணித் தட்டுப்பாட்டைக் கணக்கில எடுக்கிற அவேர் முறையில ஆற்றுப்படுகை, மாசம் எண்டு பிரிச்சே பெறுமதி இருக்கு, பிறகும் ஏன் நாடு முழுக்க ஒரே சராசரியைப் போடுறாங்க? இங்க கம்பஸ்ல படிக்கிற பிள்ளையள் ஐஸ் தொழிற்சாலை மீட்டரில இருந்தே தொடங்கலாம், ஆரும் செய்யிறதெண்டா நானும் வாறன்.