ஷூ காரும் நுங்கு வண்டியும்

ஹைதராபாத்தில் சுதா கார் மியூசியம் பார்த்தேன். சுதாகர் என்பவர் ஷூ, கிரிக்கெட் மட்டை, பர்கர் வடிவங்களில் ஓட்டக்கூடிய கார்களையே செய்து வைத்திருக்கிறார். 2005-இல் அவர் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளின் உயரம் 41 அடிக்கு மேல், கின்னஸ் சாதனை! அண்ணாந்து பார்த்ததும் எங்கள் திருவாரூர் ஆழித்தேர்தான் நினைவுக்கு வந்தது. அலங்காரத்தோடு 96 அடி. அதையே முட்டுக்கட்டை போட்டு வீதி முனையில் திருப்பிவிடுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் நினைவுக்கு வந்தது, சின்ன வயதில் ஓட்டிய நுங்கு வண்டி. குடைந்து தின்ற இரண்டு பனங்காய், நடுவில் ஒரு குச்சி, தள்ளக் கவட்டைக் கம்பு. ஓடம்போக்கி ஆற்றங்கரை முழுக்க ஓட்டியிருக்கிறோம். இந்தச் சித்திரையில் மகனுக்கு ஒன்று செய்து கொடுக்கப் போகிறேன். கம்பு வெட்டி வைத்தாயிற்று, நுங்குதான் வர வேண்டும்.