சவுனா ஹீட்டரும் கடைசி இரண்டடி வயரும்

வீட்டிலேயே ஒரு சிறிய சவுனா அறை (உட்கார்ந்து வியர்ப்பதற்கான வெப்ப அறை) அமைப்பது என்று முடிவானதும், சுவருக்கு எந்தப் பலகை, ஹீட்டருக்கு எந்தக் கல் என்று மாதக்கணக்கில் படித்தேன். வயரிங்குக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மாலைப்பொழுது. கணக்கு எளிதாக இருந்ததால் அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

கணக்கு உண்மையிலேயே எளிதுதான். வெப்பக்காப்பு நன்றாக உள்ள அறைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் வேண்டும் என்பது வழக்கமான மதிப்பீடு. கண்ணாடிக் கதவோ பூசப்படாத செங்கல் சுவரோ இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். என் அறை 6 கன மீட்டர் என்பதால் 6 கிலோவாட் ஹீட்டர் வாங்கினேன். 230 வோல்ட்டில் அது சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டி நான்கைந்து ஆம்பியரோடு நின்றுவிடும், அதுவும் விட்டுவிட்டுத்தான் இழுக்கும். சவுனா ஹீட்டரோ அறை சூடேறும் வரை முழுச் சுமையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பிளக்கில் சொருகும் பேச்சுக்கே இடமில்லை. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 6 சதுர மி.மீ. தாமிர வயர் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். வயர் நெடுந்தூரம் போனாலோ, வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் புதைந்து போனாலோ 10 சதுர மி.மீ. போட வேண்டிவரும் என்றும் சொன்னார். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஹீட்டருக்குள் தலா 2000 வாட்டில் மூன்று எலிமெண்ட்டுகள், அதாவது சூடேறும் கம்பிக் குழல்கள், உள்ளன. மூன்றின் ஒரு முனை நியூட்ரலில் சேர்ந்திருக்கும். மறுமுனைகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம், அல்லது ஒரு சிறிய பித்தளைப் பட்டையால் இணைத்து ஒரே ஃபேஸில் கொடுக்கலாம். மூன்று ஃபேஸில் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 8.7 ஆம்பியர்தான் ஓடும். சுமை சமமாக இருப்பதால் நியூட்ரலில் அநேகமாக ஒன்றும் ஓடாது. ஒரே ஃபேஸில் கொடுத்தால் 26 ஆம்பியரும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். (அந்தப் பட்டை வந்த பிளாஸ்டிக் பையை அட்டைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போடவிருந்தேன். பட்டையைக் கழற்றாமல் மூன்று ஃபேஸைக் கொடுப்பது அதைவிட மோசம்; ஃபேஸும் ஃபேஸும் நேராக ஷார்ட் ஆகும்.) என் வீட்டில் இருப்பது ஒரே ஃபேஸ்.

நான் கவனிக்கத் தவறியது ஆம்பியரை அல்ல, வெப்பத்தை. சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். சவுனாவின் கூரையோரம் 90 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. அதனால்தான் கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60364-இல் சவுனா அறைக்கென்றே 703 என்ற தனிப் பகுதி இருக்கிறது: அறையின் மேற்பகுதியில் வைக்கும் கருவிகள் 125 டிகிரியையும், வயரின் உறை 170 டிகிரியையும் தாங்க வேண்டும், அறைக்குள் பிளக் சாக்கெட் இருக்கவே கூடாது. எனவே சுவருக்கு வெளியே வரை சாதாரண வயரைக் கொண்டுவந்து, அங்கே ஒரு ஜங்ஷன் பாக்ஸில் (வயர்களை இணைக்கும் பெட்டியில்) முடித்து, அதிலிருந்து ஹீட்டர் வரைக்குமான கடைசி இரண்டடிக்கு மட்டும் சிலிக்கோன் ரப்பர் உறையிட்ட வயரைப் போடுவது வழக்கம். என் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஜங்ஷன் பாக்ஸைக் கைக்கு எட்டும் வசதிக்காகத் தோள் உயரத்தில், சூடேறும் சுவரோடு ஒட்டிப் பொருத்தியிருந்தார்கள்.

நான்காம் மாதத்தில் ஒரு மாலை, சவுனாவுக்கு வெளியே நடைவழியில் மெல்லிய கருகல் வாடை வந்தது. மீன் கெட்டது போன்ற வாடை அது. பிளாஸ்டிக் சூடேறும்போது வரும். பெட்டியின் மூடி கை வைக்க முடியாதபடி சுட்டது. மெயினை அணைத்து, ஆறவிட்டுத் திறந்தோம். நியூட்ரல் வயரின் உறை பழுப்பேறி, வளைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த டெர்மினலின் திருகு முக்கால் சுற்று சுற்றியது. பல இழை வயரை லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) எதுவும் வைக்காமல் அப்படியே நுழைத்து முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறியதில் இழைகள் நசுங்கி, பிடி தளர்ந்திருந்தது.

அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்திருந்தால் போதும்; 26 ஆம்பியருக்கு 68 வாட் வெப்பம் விரல் நுனியளவு இடத்தில் இறங்கும். பழைய குண்டு பல்பு ஒன்றை அந்தப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடியது போலத்தான். இதில் எம்.சி.பி.க்குத் தெரிய ஒன்றுமில்லை, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை. எர்த்துக்குக் கசிவும் இல்லாததால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. அதே ஆர்.சி.சி.பி. ஒன்றுமில்லாததற்கு விழுவதும் உண்டு: ஹீட்டரை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் எலிமெண்ட்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த முறை போட்டதும் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். சூடேறி ஈரம் வற்றினால் அது தானாகச் சரியாகும். தளர்ந்த திருகு அப்படியல்ல.

வேறோர் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். பெட்டியைக் கழற்றி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு மறுபடி பொருத்தினார். கருகிய முனையை நல்ல தாமிரம் தெரியும் வரை வெட்டிக் கழித்து, ஒவ்வொரு முனைக்கும் லக் வைத்து கருவியால் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), பிளாஸ்டிக் டெர்மினலுக்குப் பதிலாகப் பீங்கான் பிளாக் வைத்தார். பத்துப் பதினைந்து முறை சூடேறிய பிறகு மெயினை அணைத்து ஒரு முறை முறுக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தோம், மூன்று திருகில் இரண்டு அசையவில்லை, நியூட்ரல் மட்டும் ஒரு மயிரிழை சுற்றியது.