அதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "அதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?" என்றுதான். இந்த நேரத்தில் என்ன கேள்வி இது என்று சிலருக்குக் கோபமே வரும். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிற எனக்கு, அந்த இன்னொன்றின் அருமை தெரியும்.

ஒரு முறை, ஓர் அப்பா பொம்மைக் காரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் சக்கரத் திருகு ஒன்று மகனின் நுரையீரலுக்குள் போயிருந்தது. இன்னொரு சக்கரத்தின் திருகைக் கழற்றி, தனியாக ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபோர்செப்ஸாக, அதாவது இடுக்கியாக, பிடித்துப் பார்த்தோம். தலையில் பிடித்தால் வழுக்கியது. தலைக்குக் கீழே பிடித்ததும் அசையாமல் நின்றது. இந்தச் சோதனையை உள்ளே போய்ச் செய்ய முடியாது. மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் பிராங்கோஸ்கோப் என்ற குழாய் இறங்கிய பிறகு, மயக்க மருத்துவர் அந்தக் குழாய் வழியாகத்தான் பிள்ளைக்கு மூச்சும் கொடுக்கிறார். கருவியை மாற்றி மாற்றிப் பார்க்க ஏது நேரம்? திருகு வலது மூச்சுக்கிளையில், தலை மேலும் முனை கீழுமாக இருந்தது. பிடித்து, ஸ்கோப்போடு சேர்த்தே வெளியே எடுத்தார்கள்.

முனை கீழே இருந்தது நல்லதாகப் போயிற்று. முன்னால் வரும் கூர்முனை குத்தும், பின்னால் வரும் கூர்முனை குத்தாது என்பது செவாலியர் ஜாக்சன் வகுத்த விதி. 1865இல் பிறந்த இந்த அமெரிக்க மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை இப்படி எடுத்திருக்கிறார். அவை இன்றும் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாற்றுப் பொருளை வைத்து முன்கூட்டியே பழகிப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். உணவுக்குழாயில் திறந்த ஊக்கு முனை மேலாகச் சிக்கியிருந்தால், அதை இரைப்பைக்குள் தள்ளித் திருப்பிய பிறகே இழுப்பார்கள். எத்தனை பொறுமை வேண்டும் பாருங்கள்!

எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. விழுங்கியவற்றில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும், வயிற்றைத் திறக்க வேண்டி வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரைப்பைக்குப் போய்விட்ட நாணயத்துக்குப் பெரும்பாலும் காத்திருந்தால் போதும். காந்தங்கள் அப்படியல்ல. இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் நசுங்கும் குடல்சுவர் செத்து ஓட்டை விழும். வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, அழுத்திப் பிடித்தால் நொறுங்கி இன்னும் ஆழத்துக்கு இறங்கும்.

நான் அதிகம் பயப்படுவது பட்டன் பேட்டரிக்கு. எக்ஸ்ரேயில் நாணயம் போலவே இருக்கும். விளிம்பில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் ஓடி அங்கேயே திசுவை அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகும், இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துவிடும். இதற்கு விடியட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

சரி, இன்னொன்று கிடைக்கவில்லை என்றால்? அது இருந்த அட்டையையோ ரிமோட்டையோ எடுத்து வாருங்கள். பேட்டரியின் எண் சிஆர் 2032 என்று போட்டிருந்தால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த எண் கையில் இருந்தால், குழந்தை வந்து சேர்வதற்குள் தியேட்டரைத் தயாராக வைத்திருப்போம். வரும் வழியிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள்.