நம்ம கொழுந்துக் கணக்கை நாமே வாங்கப் பட்ட பாடு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் இடம். அவர்களுடைய கணக்கு முழுவதையும் பழைய மென்பொருளிலிருந்து எடுத்து, எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. முடித்தாயிற்று, கணக்கும் ஒத்துப்போய்விட்டது. ஆனால் அந்தப் பழைய மென்பொருள் கம்பெனியின் பெயரைக் கேட்டால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பெயரை விட்டுவிடுகிறேன். இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் நாங்கள் கேட்டது டேட்டாபேஸின் டம்ப் ஃபைலை, அதாவது முழு நகலை. அவர்கள் பக்கம் ஒரே கமாண்டில் முடிகிற வேலை. "அப்படிக் கொடுக்கிற பாலிசி இல்லை சார், ஏபிஐ இருக்கு, அதுல எடுத்துக்கோங்க" என்றார் சப்போர்ட்டில் இருந்தவர், ஈமெயிலிலும் அதையே எழுதினார். ஏபிஐ என்றால், ஸ்கிரிப்ட் எழுதி டேட்டாவைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும் வழி. சரி, அதைத் திறக்கும் ஏபிஐ கீ கொடுங்கள் என்றால் தொழிற்சாலையின் கடிதம் வேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பினால் ஒரிஜினல் வேண்டும். கூரியரில் அனுப்பட்டுமா என்றால், "நேர்ல வந்தீங்கன்னா அன்னைக்கே கொடுத்துடுவோம்."

அதை நம்பி மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போனேன். முதலாளி கையெழுத்து இருக்கிறது, மற்ற பங்குதாரர்கள் கையெழுத்து இல்லை என்று ரிசப்ஷனிலேயே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீ உருவாக்கித் தருகிறவர் அன்றைக்கு ஆபீஸுக்கே வரவில்லை, வீட்டிலிருந்து வேலை என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "உங்க ஆளை ஒருநாள் மேலே அனுப்புங்களேன், எல்லாரும் அங்கேதான் இருக்காங்க" என்றேன். "நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணுமே சார்" என்றார். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டுதான். ஆனால் காசு கிடையாது, போனிலேயே எடுத்துவிடலாம். ஊட்டி பார்க்க வருகிற குடும்பங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வருகின்றன. மென்பொருள் கம்பெனிக்காரருக்கு மட்டும் அது மலையாகத் தெரிந்தது.

கடைசியில் கீ ஈமெயிலில் வந்தது, அதே ஸ்கேன் காப்பியை வைத்தே. அதனால் என்ன கேட்டாலும் ஈமெயிலில் கேளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இந்தப் பழக்கம் கடைசியில் எனக்குக் காசு மிச்சம் பண்ணிக் கொடுத்தது, அது பின்னால் வருகிறது.

கூடவே வந்த வழிகாட்டி ஒரு பழைய பிடிஎஃப். அதிலிருந்த முகவரிகளில் பாதி 404, அதாவது அப்படி ஒன்று இல்லவே இல்லை. நிமிடத்துக்கு எத்தனை முறை கேட்கலாம் என்று அதில் இல்லை. 'அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்று 429 வர ஆரம்பித்த பிறகு நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டரும் கிடையாது. இதெல்லாம் வழக்கமான தொல்லை, ஸ்கிரிப்ட்டைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டால் சரியாகிவிடும். உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு மாதிரியான டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும். காலாவதியான டோக்கனோடு போனால் 'அனுமதி இல்லை' என்கிற 401 வர வேண்டும், உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. இவர்கள் ஏபிஐ 'எல்லாம் சரி' என்கிற 200 கொடுத்தது. உள்ளே ஒரு காலி லிஸ்ட். மேலே 'சக்ஸஸ்' என்று வேறு. பக்கம் பக்கமாக எடுக்கிற எந்த ஸ்கிரிப்ட்டும் காலி லிஸ்ட் வந்தால் டேட்டா தீர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அது ஐப்பசி மாதம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மரம் விழுந்து கேபிள் அறுவதும், கரண்ட் போவதும், போன கரண்ட் ஜெனரேட்டர் ஓடி முடிந்த பிறகு வருவதும் அப்போது சகஜம். அப்படி ஒருநாள் நெட் போய்த் திரும்பியது. ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, அதற்குள் டோக்கன் காலாவதி. காலி லிஸ்ட் வந்தது, 'முடிந்தது' என்று பச்சை எழுத்தில் நின்றது. லாகில் ஒரு எர்ரர் கூட இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் காட்டினேன். கீழே வரை உருட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, 2019-க்கு முன்னாடி ஒண்ணையும் காணோம்? நான்தானே ராத்திரி பகலா உக்காந்து அடிச்சேன்" என்றார். அவர் பார்த்திருக்காவிட்டால் அப்படியே போயிருக்கும்.

சப்போர்ட்டுக்கு எழுதினால் பதில்: "உங்கள் பக்கம் நெட் பிரச்சினை." 200 வந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "டிக்கெட் பரிசீலனையில் உள்ளது."

இதற்கு வழி, 200 மாதிரியான ஸ்டேட்டஸ் கோடை நம்பாமல் இருப்பதுதான். ஒவ்வொரு பதிலிலும் மொத்த எண்ணிக்கை என்று ஒரு ஃபீல்டு இருந்தது. கையில் சேர்ந்த எண்ணிக்கை அதைத் தொடாமல் காலி லிஸ்ட் வந்தால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும், கத்த வேண்டும். டோக்கனையும் காலாவதி ஆகும்வரை காத்திருக்காமல் பத்து நிமிடம் முன்னாடியே புதுப்பித்துவிடுங்கள். இன்னொன்று: ஏபிஐ டேட்டா அனுப்பும் எழுத்து வடிவமான ஜேசனைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலாக எழுதி வையுங்கள், பிரிப்பதை அந்த ஃபைலிலிருந்து செய்யுங்கள். பின்னால் எதைச் சந்தேகப்பட்டாலும் மறுபடி அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

பக்கங்களிலும் ஒரு சிக்கல். ஏபிஐ புதிய பதிவை முதலில் வைத்து, பேஜ் 1, பேஜ் 2 என்று கொடுக்கும். பகலில் நான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் புது எடைகள் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புதுப் பதிவும் மற்றதை ஒரு இடம் கீழே தள்ளும், முதல் பக்கத்தின் கடைசி ஆள் இரண்டாம் பக்கத்தில் மறுபடி தலைகாட்டுவார். நடுவில் யாராவது ஒரு பதிவை அழித்தால் நேரெதிர், ஒருவர் காணாமலே போவார். அவர்களுடைய வெப்சைட்டில் தொழிற்சாலையின் லாகினில் நுழைந்து, எஃப்12 அழுத்தி, பிரவுசர் சர்வரிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபைப் பார்த்தேன். அவர்களுடைய ஸ்கிரீனே பக்க எண்ணைப் பயன்படுத்தவில்லை! 'இந்த ஐடிக்கு மேல் கொடு' என்று கேட்கிற ஒரு பாராமீட்டர் இருந்தது. பிடிஎஃப்பில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எடுத்துப் போட்டதும் டூப்ளிகேட் தொல்லை விட்டது. எங்கள் பக்கம் ஒரு ஐடி ஒரு முறைதான் என்று யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்று ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங் சேர்த்ததால் எத்தனை முறை ஓட்டினாலும் பயமில்லை.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, மாத வாரியாகக் கூட்டி, பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பழைய பட்டியலோடு பார்த்தேன். மொத்தம் ஒத்துப்போகிறது, மாதங்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு மாதத்தில் கூடுவது அடுத்த மாதத்தில் குறைகிறது. சும்மா விட முடியாது, ஏனென்றால் பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் சராசரி விலை அறிவிப்பது மாதத்துக்கு ஒன்று. கொழுந்து மாதம் மாறினால் விவசாயியின் காசு மாறும்.

காரணம் நேரம். ஏபிஐ கொடுத்த நேரத்தில் எந்த ஊர் நேரம் என்ற குறிப்பே இல்லை. அது யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். கொழுந்து அதிகம் வருகிற நாட்களில் கடைசி லோடு நள்ளிரவு தாண்டித்தான் தராசில் ஏறும். அக்டோபர் 1 அதிகாலை 1 மணிக்குப் போட்ட எடை, யூடிசியில் செப்டம்பர் 30 இரவு 7:30. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். இப்போது புதிய வருடங்கள் சரியாகிவிட்டன, பழைய வருடங்கள் கெட்டுப்போயின.

எந்த மணியில் எத்தனை எடை என்று வருடவாரியாக ஒரு குவெரி ஓட்டிப் பார்த்ததில்தான் புரிந்தது. பழைய பதிவுகளில் மதியம் 12 மணிக்கு மேல் கூட்டம். புதியவற்றில் அதே கூட்டம் காலை 6:30-லிருந்து. காலை 6:30-க்கு யார் கொழுந்து கொண்டுவருவார்? தோட்டத்தில் பனியே விலகியிருக்காது, பறிக்க ஆள் இறங்கியிருக்க மாட்டார்கள். ஆக, பழையது இந்திய நேரத்திலேயே எழுதப்பட்டது. நடுவில் சர்வரை எங்கோ மாற்றியபோது யூடிசி ஆகியிருக்கிறது. எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று கேட்டால், பரிசீலனையில் உள்ளது.

அக்காதான் மறுபடி காப்பாற்றினார். "ஒரு தடவை ரெண்டு நாள் சாஃப்ட்வேர் ஓடவே இல்ல தம்பி, நோட்டுல கையால எழுதி வச்சோம்" என்று பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் போட்டார். ஓரம் ஈரம் பட்டு ஊதிப்போயிருந்தது, தேதி தெளிவாக இருந்தது. குவெரியில் நேரம் குதித்ததும் அதே தேதியில்தான். அதற்கு முன்னால் உள்ளதை ஒரு மாதிரி, பின்னால் உள்ளதை வேறு மாதிரி எடுத்து, எல்லாவற்றையும் நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் டைம்ஸ்டாம்ப்-டிஇசட் வகையில் போட்டோம். மாதங்கள் ஒத்துப்போன அன்று அக்கா தொழிற்சாலைத் தூளிலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

எடையில் 12.3 கிலோ என்பது 12.300000190734863 என்று வந்தது. தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் வைத்தால் அப்படித்தான். துல்லியமாக வைக்கும் நியூமெரிக்காக மாற்றி ரவுண்ட் செய்தேன், தீர்ந்தது.

பெயர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. போஜன் என்று தேடினால் பாதிப் போஜன்கள்தான் வந்தார்கள். ஸ்கிரீனில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. லென்த் (குறிகளின் எண்ணிக்கை) பார்த்தால் ஒன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 6. 'போ' என்பதில் வரும் ஓகாரக் குறியை, கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய பெயர்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துப் பிறகு மாற்றியவை, அவை பிரிந்து கிடந்தன. போனில் அடித்த புதியவை சேர்ந்திருந்தன. கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, என்எஃப்சி என்கிற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பெயர் வைத்துத் தேடுகிற யாராக இருந்தாலும் உள்ளே வரும்போதே இதைச் செய்துவிடுங்கள். கொ, கோ, கௌ வரிசை முழுக்க இந்தப் பிரச்சினை உண்டு.

அதற்காகப் பெயரை வைத்து ஆட்களைச் சேர்த்துவிடவும் கூடாது. ஒரே ஹட்டியில் (படுகர் ஊர்), ஒரே இனிஷியலில் இரண்டு ராஜுக்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். விவசாயி எண் மட்டும்தான் நம்பத் தகுந்தது. எண் இல்லாத சில பழைய பதிவுகளை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் மேல் வீடு, அவர் கீழ் வீடு" என்று பிரித்துக் கொடுத்தார். எந்த ஏபிஐயிலும் அந்த ஃபீல்டு கிடையாது.

பேங்க் கணக்கு எண்ணை அவர்கள் ஜேசனில் எண்ணாகவே அனுப்பினார்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்குகளுக்கு முன்பூஜ்ஜியம் போயே போயிற்று. இதில் எக்செல் வேறு: 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் 16-வது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கிவிடும், சத்தமே போடாது. கணக்கு எண் என்பது எழுத்து, அதில் கூட்டல் கழித்தல் செய்யப் போவதில்லை; டெக்ஸ்டாகவே வையுங்கள். ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்ஜியம், அங்கே ஆங்கில ஓ அடித்திருந்தவர்கள் ஏராளம். அதைச் சரிபார்க்க ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போதும். முன்பூஜ்ஜியம் போன கணக்குகளுக்கு மட்டும் பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். முதல் பட்டுவாடா எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

பழைய சந்தாவை நிறுத்த எழுதினோம். அதுவரை வாயைத் திறக்காத கம்பெனி மறுநாளே ஒரு பில் அனுப்பியது: டேட்டா எக்ஸ்போர்ட் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. முதலாளி பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, "இது என்னன்னு பாருப்பா" என்றார். "ஏபிஐயில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களே எழுதிய ஈமெயில், காலி லிஸ்ட்டுக்கு 200 வந்த ஸ்கிரீன்ஷாட்கள், பரிசீலனையில் இருக்கும் டிக்கெட் எண்கள் எல்லாவற்றையும் ஒரே பதிலில் இணைத்து, இதில் எந்தச் சேவைக்கு இந்தக் கட்டணம் என்று மட்டும் கேட்டேன். சாயங்காலத்துக்குள் பில் ரத்து.