மஞ்சள் கறையில் ஒரு படம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டால், சோப்புப் போட்டதும் கறை சிவந்து இன்னும் பயமுறுத்தும். அலசியதும் பழையபடி மஞ்சளாகும், எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. ஆனால் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஒரு புகைப்பட முறைக்கு வேண்டிய அத்தனையும் இந்தக் கறைக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதமாக மொட்டைமாடியிலேயே கிடக்கிறேன்.

ஆந்தோடைப் என்று பெயர். செடிகொடியின் சாயத்தைக் காகிதத்தில் பூசி, மேலே ஒரு இலையையோ படம் அச்சடித்த பிலிமையோ வைத்து வெயிலில் போட வேண்டும். வெயில் பட்ட இடம் வெளுக்கும், மறைந்த இடம் நிறத்தோடு நிற்கும். அவ்வளவுதான். கேமராவே வேண்டாம், இருட்டறை வேண்டாம்.

1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் பூச்சாறுகளை வைத்து இதைச் செய்து பார்த்து எழுதினார். நீல நிறத்தில் வரும் சயனோடைப்பைக் கண்டுபிடித்ததும் அவர்தான், அதுவும் அதே ஆண்டில். நீலப்படம் பிழைத்துக்கொண்டது, கட்டட வரைபடத்துக்கு ப்ளூபிரிண்ட் என்று பெயர் வந்ததே அதனால்தான். பூச்சாறு பின்தங்கிவிட்டது, ஏனென்றால் அந்த ஊர் வெயிலில் ஒரு படம் விழ நாள்கணக்கில், சில சாறுகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். மேரி சோமர்வில் என்ற அறிவியலாளரும் தாவரச் சாறுகளின் மேல் ஒளி என்ன செய்கிறது என்று சோதித்து ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதினார், லண்டனின் அறிவியல் சபையான ராயல் சொசைட்டியின் இதழில் அது 1846-இல் வெளிவந்தது. பெண்களை அந்தச் சபையில் உறுப்பினராகவே சேர்க்காத காலம் அது. சோமர்வில்லுக்கு நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, சாராயச் சத்தில்தான் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மில்லியில் இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் குலுக்கி, பத்து நிமிஷம் விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறேன். அடுப்புப் பக்கம் இதைச் செய்யவே கூடாது, ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். கெட்டியான ஓவியக் காகிதத்தில் அகலப் பிரஷ்ஷால் ஒரே வீச்சாக இழுத்துப் பூச வேண்டும், நடுவில் நின்றால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். ஜன்னலைச் சாத்திய அறையில் காயவைத்து, இன்னொரு கை பூசினால் நிறம் ஆழமாக வரும்.

முதலில் முருங்கை இலைக்கொத்தை வைத்துப் பார்த்தேன், அழகாக வந்தது. அப்புறம்தான் ஆசை பெரிதாகி, அம்மா வடாம் பிழியும் படம் ஒன்று போனில் இருந்ததை எடுத்தேன். இங்கேதான் டிஜிட்டல் உள்ளே வருகிறது. பழைய முறையில் ஈடுபாடு உள்ள சிலர் போனையும் கம்ப்யூட்டரையும் தீட்டுப்போலப் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மஞ்சளுக்கு நுணுக்கமான சாயல்கள் தெரியாது, வெளுப்பு, கருப்பு, நடுவில் கொஞ்சம், அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை வழக்கத்தைவிட நன்றாக ஏற்றி, இடம் வலம் மாற்றித் திருப்பி, ஓஎச்பி ஷீட் என்ற ஊடாகத் தெரியும் பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்க வேண்டும். திருப்புவது எதற்கென்றால், மை இருக்கும் பக்கம் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தால்தான் கோடு கூர்மையாக விழும்.

ஜெராக்ஸ் கடை லேசர் பிரின்ட்டில் கருப்பு அவ்வளவு அடர்த்தியாக இருக்காது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடாகத் தெரியும். அதே படத்தை இரண்டு ஷீட் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, அம்மாவின் மூக்குத்தியும் மூக்குத்தியும் பொருந்தும்வரை நகர்த்தி, ஓரத்தில் டேப் ஒட்டினேன். அதற்கே அரைமணி நேரம் ஆனது.

முதல் தடவை எல்லாம் வீண். சயனோடைப் பழக்கத்தில் நெகட்டிவாக அச்சடித்துவிட்டேன். அதில் வெயில் பட்ட இடம் கறுக்கும், அதனால் நெகட்டிவ் சரி. மஞ்சளில் வெயில் பட்ட இடம் வெளுக்கும், எனவே படத்தை உள்ளபடியே வைக்க வேண்டும். நாலு மணி நேரம் காத்திருந்து, ஷீட் நகராமல் மேலே வைத்திருந்த கண்ணாடியைத் தூக்கினால், அம்மாவின் முகம் இருண்டு கூந்தல் வெளுத்து யாரோ போலத் தெரிந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டாவது தடவை அம்மாவே மாடிக்கு வந்து, "காலை வெயில் வேலைக்காகாதுடா, பதினொரு மணிக்கு மேல வை, வடாமே அப்பதான் முறுகும்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கே வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது வெளிர் மஞ்சளில் அடர் மஞ்சளாகப் படம் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரைத் தெளித்தேன். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் குபுக்கென்று சிவக்குமே, அதே சிவப்பு, மஞ்சள் மிச்சமிருந்த இடத்திலெல்லாம் கோடு கோடாக எழும்பியது. முதலில் புடவைக் கரை, பிறகு அச்சுக்குழலைப் பிடித்த விரல்கள், கடைசியில் முகம். பக்கத்தில் நின்ற அம்மா ஒன்றுமே பேசவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சுண்ணாம்புச் சிவப்பு நிற்காது. காற்றுப் பட்டு சுண்ணாம்பின் காரத்தன்மை குறையக் குறைய மறுபடி மஞ்சளுக்கே திரும்பும். வெங்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் செம்பழுப்பாக இன்னும் கொஞ்ச நாள் தாங்குகிறது, இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் படத்தை நிரந்தரமாக நிறுத்த வழி கிடையாது, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் எந்த வெயில் அதை வரைந்ததோ அதே வெளிச்சம் மெல்ல மெல்ல அழித்துவிடும். அதனால் அம்மா அதை வாங்கிக்கொண்டுபோய் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், ஒரு செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார். சித்தி வந்தபோது மட்டும் எடுத்து, விளக்கைக்கூடப் போடாமல், ஜன்னலோரமாக ஒரு நிமிஷம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிட்டார்.