ஜூன் முதல் வாரம், துணை சுகாதார நிலையம்

ஜூன் 2, திங்கள்

முன்பயணத் திட்டப்படி இன்று கிழக்குத் தெரு. பத்து மணிக்குப் போனால் வீட்டுக்கு வீடு பூட்டு, எல்லாரும் நூறு நாள் வேலையில். சரி என்று ஏரிக்கரைக்கே வண்டியை விட்டேன். கர்ப்பிணிகள் இருவருக்கு வேப்பமர நிழலில் பிரஷர் பார்த்தாயிற்று. ஒருத்தி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். "வெளிக்கு கறுப்பாப் போகுது சிஸ்டர், பயமா இருக்கு." அது இரும்பின் நிறம்தான், 180 நாளும் போட்டாக வேண்டும், டீ குடித்த கையோடு மட்டும் போடாதே என்று சொன்னேன். மாமியாரிடமும் பேச வேண்டும். நிறுத்தச் சொன்னதே அவர்தான்.

ஜூன் 3, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழே போனால் எங்களோடு வைத்துக்கொள்ள முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாலையில் நாளைய தடுப்பூசிப் பட்டியலை அங்கன்வாடி டீச்சருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

ஜூன் 4, புதன்

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே தடுப்பூசிப் பெட்டியில் அடுக்கக் கூடாது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அவசரப்பட்டால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) உறைந்துவிடும், அப்புறம் தூக்கிப்போட வேண்டியதுதான்.

தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கியதும் குப்பிமேல் நேரம் எழுதினேன்: 10.20. நான்கு மணி நேரம்தான் ஆயுள். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறந்துதான் ஆக வேண்டும். மருந்து வீணாகிறதே என்று திருப்பி அனுப்பினால் அந்தக் குழந்தை அடுத்த புதன் வராது. பட்டியலில் இருந்த இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டி கோயிலுக்குப் போய்விட்டார். தன்னார்வலர் தேடிப் பிடித்துக் கூட்டிவரும்போது மணி ஒன்றே முக்கால். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காருங்கள் என்றதற்குப் பாட்டி என்னைத் திட்டிய திட்டு தனிக்கதை.

ஜூன் 6, வெள்ளி

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 5,000 பேரும் ஊரிலேயே இருப்பார்கள் என்று யார் சொன்னது? வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். என் பட்டியலில் பிரசவ தேதி தாண்டி நிற்கிறாள். அந்த ஊர் சிஸ்டருக்கோ அவள் வந்ததே தெரியாது. பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்பதால் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) மட்டும் எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதுவரை பரவாயில்லை.

இன்று அப்படி ஒருத்தியின் எண்ணைச் சொல்லி அந்த ஊர் சிஸ்டரிடம் பேசினேன். குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகப்போகிறது, வரும் புதன் முதல் பென்டா. "விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன். உங்க ஊருக்கு எங்க பொண்ணு ஒருத்தி வந்திருக்கா, எட்டு மாசம், வடக்குத் தெரு" என்றார். என் பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை. மதியமே போனேன். பிரஷர் 140/90, காலில் வீக்கம். செவ்வாய் வரை வைத்திருக்க மனமில்லை. அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.